டீ கொட்டிய சீட்

மார்ச் 4

அன்புள்ள வாத்தியாருக்கு,

நலமா என்று கேட்கப் போவதில்லை. கோபமாக இருக்கிறேன். உன் பேச்சைக் கேட்டுத்தான் இந்த வயதில் கார் வாங்கினேன். ஊரிலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுத்தாய், சரி. மூன்றாம் நாள் வண்டி வாசலில் நின்றதும், "டிரைவிங் ஸ்கூல்ல அவசரமா கூப்பிடறாங்க" என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாய். நேற்று அங்கே போன் பண்ணினேன். ஆபரேஷனுக்குப் பிறகு நீ வேலைக்கே போகவில்லையாம். புளுக நான்தான் கிடைத்தேனா?

சிக்னலில் "சும்மா இருய்யா" என்று கத்தினேனே, அதற்கா? பயத்தில் கத்தினேன். மன்னித்துவிடு. "அண்ணனுக்கு என்ன குறை வச்சோம்?" என்று வீட்டுக்காரி என்னைக் குடைகிறாள். எனக்கு இன்னும் ரிவர்ஸ் வரவில்லை.

உன்,
சோடாபுட்டி

மார்ச் 19

அன்புள்ள சோடாபுட்டி,

நீ மன்னிப்புக் கேட்டதுதான் என்னை எழுத வைக்கிறது. எழுதக் கை கூசுகிறது.

வயிற்றைக் கிழிக்கவில்லை, நாலைந்து சின்னத் துளைதான் என்று சட்டையைத் தூக்கிக் காட்டினேனே. துளைகள் ஆறிவிட்டன. ஆனால் உள்ளே மலக்குடலில் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். அடக்கிவைக்க இடமில்லை. வந்தால் வந்ததுதான், கக்கூஸ் போகும்வரை பொறுக்காது. டாக்டர் "இனி கேன்சர் இல்ல, சந்தோஷமா இருங்க" என்கிறார். எல்லோரும் முதுகில் தட்டுகிறார்கள். அவர்களிடம் இதை எப்படிச் சொல்வேன்? கற்றுக்கொடுக்கிற வண்டியில் என் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். இப்போது என் உடம்புக்கே பிரேக் இல்லை.

அன்று சிக்னலில் நின்றபோதே ஆகிவிட்டது. உன் புது சீட். மேலே துண்டைப் போட்டு மூடிவிட்டு ஓடினேன். இனி உன் முகத்தில் விழிக்க மாட்டேன்.

வாத்தியார்

மார்ச் 26

வாத்தியாரே,

துண்டை எடுத்ததுமே தெரிந்துவிட்டது. அப்போதே கழுவிவிட்டேன். உடம்புக்கு முடியாமல் ஆனதற்காக ஒருவன் நட்பை விடுவான் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதனால்தான் வேறு காரணம் தேடினேன்.

நான் டீயைக் கொட்டிவிட்டேன் என்று வீட்டில் சொல்லிவைத்திருக்கிறேன். "புது வண்டியில யாராவது டீ குடிப்பாங்களா?" என்று இன்றுவரை திட்டு வாங்குகிறேன். வா.

சோடாபுட்டி

ஏப்ரல் 8

அன்புள்ள சோடாபுட்டி,

நீ கழுவினாய் என்று படித்ததும் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். அதற்கு மேல் படிக்கவே பல நாள் ஆனது. வெட்கம் போகவில்லை. போகும் என்றும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். சீட்டில் விரிக்க ரப்பர் ஷீட் வாங்கிவிட்டேன். நான் நிறுத்தச் சொன்னால், ஏன் என்று கேட்காமல் ஓரமாக நிறுத்து. ரிவர்ஸ் எல்லாம் அப்புறம்.

டீ கொட்டியது நீ இல்லை என்று தங்கச்சியிடம் சொல்லிவிடு. நான் வந்து இறங்குவதற்கு முன்னால் சொல்லிவிடு.

உன்,
வாத்தியார்