ஏழாம் கேள்விக்குப் பதில்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நல்லபடியாக இருக்கிறீர்களா. இங்கே அப்பா சுகம், தம்பி சுகம், நானும் முழங்காலைத் தவிர மற்றபடி சுகம். முழங்காலுக்கு நீதான் காரணம், சொல்கிறேன்.

நீ அனுப்பிய படிவம் போன வாரம் வந்தது. ஆறு வருஷம் படித்தாய், இரண்டு பட்டம் வாங்கினாய், இங்கே ஒன்றரை வருஷம் பயிற்சியில் இருந்தாய், அதெல்லாம் போதாதாம், அந்த நாட்டில் ஒருவர் எதிரில் உட்கார்ந்து அவர் மனக்கஷ்டத்தைக் கேட்க லைசென்ஸ் வேண்டுமாம். நான் நாற்பது வருஷமாகச் சமையலறையில் நின்றபடி அடுத்தவர் கஷ்டத்தைக் கேட்கிறேன், எந்த அதிகாரி வந்து என்னைக் கேட்டார். முடி வெட்டுகிறவருக்கு லைசென்ஸ், கரண்ட் வேலைக்குப் போகும் உன் தம்பிக்கு லைசென்ஸ், சரி, கத்தியும் கம்பியும் ஆபத்துதான். நின்ற சுவரில் போய் வண்டியை மோதும் உன் மாமாவுக்கு ஒரே நாளில் கொடுத்தவர்கள், உனக்கென்றால் மட்டும் ஆயிரத்து இருநூறு மணி நேரப் பயிற்சிக்கு மேற்பார்வை செய்தவரின் கையெழுத்தைக் கேட்கிறார்கள், அதுவும் மாதக் கடைசிக்குள் போய்ச் சேராவிட்டால் இந்த வருஷப் பரீட்சை கிடையாது. கையெழுத்துதானே, வாங்கி அனுப்பிவிடலாம் என்று பார்த்தால், யாரிடம் வாங்குவது என்பதைக் கடைசி வரியில் எறும்பு ஊர்கிற மாதிரி எழுதியிருக்கிறாய். உன் சின்ன அத்தை. பெரிய ஆஸ்பத்திரியில் பயிற்சி என்று என்னிடம் சொல்லிவிட்டு ஒன்றரை வருஷமும் அவளுடைய மனநலக் கிளினிக்கில் உட்கார்ந்திருக்கிறாய். அப்பாவுக்கு முதல் நாளிலிருந்தே தெரியுமாம், பேப்பரைப் புரட்டிக்கொண்டே சொல்கிறார். இந்த வீட்டில் நான் ஒருத்திதான் முட்டாள்.

நான் மறந்துவிட்டேன் என்று நினைத்தீர்களா. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால், செவ்வாய்க்கிழமை, நல்ல மழை, அப்பா நெஞ்சுவலியில் படுத்திருக்கிறார், நான் ஆஸ்பத்திரி வராந்தாவில் மூன்றாவது நாற்காலியில் இருக்கிறேன். பச்சைக் குடையோடு வந்தாள் உன் அத்தை. என் அக்கா, நர்ஸ், இன்னும் இருந்த அத்தனை பேர் முன்னாலும், "அண்ணிக்கு மனசு சரியில்ல, முதல்ல இவங்கள ஒரு டாக்டர்கிட்ட காட்டணும்" என்றாள். மூன்று நாள் தூங்காமல் சாப்பிடாமல் இருந்தவள் அழுதால் அதற்குப் பெயர் பைத்தியமா. எனக்கும் இவளுக்கும் உறவே இல்லை என்று அன்றைக்குச் சொன்னேன், யார் கேட்டாலும் இன்றுவரை அதையேதான் சொல்லிவந்தேன்.

உனக்காக அவள் கிளினிக்குக்குப் போனேன். ஜெராக்ஸ் கடைக்கு மேலே மூன்றாம் மாடி, லிஃப்ட் கிடையாது, முழங்கால் கதை இதுதான். காத்திருக்கும் அறையில் மேசைக்கு மேசை டிஷ்யூ பெட்டி, வருகிறவர்கள் அழுவதற்கு முன்கூட்டியே ஏற்பாடு. நான் ஒன்றைக்கூடத் தொடவில்லை. "வாங்க அண்ணி" என்றாள், நேற்றுப் பார்த்துப் பிரிந்த மாதிரி. நான் படிவத்தை நீட்டினேன். நீ உட்கார்ந்த ஒவ்வொரு மணிக்கும் தேதி போட்டு வைத்திருந்த நோட்டுகளை எடுத்து ஒத்துப்பார்த்து, பக்கம் பக்கமாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே வந்தவள் ஏழாம் கேள்வியில் பேனாவை நிறுத்தினாள். பயிற்சி பெற்றவருக்கும் உங்களுக்கும் இரத்த உறவோ கல்யாண உறவோ உண்டா என்று கேட்டிருக்கிறதாம். உண்டென்றால் அத்தனை மணி நேரமும் செல்லாதாம். இங்கே யாரும் இதைக் கேட்பதில்லை, எனக்கே இப்போதுதான் தெரியும் என்றாள். அவள் கிடக்கட்டும், படிவத்தைக் கவரில் போடுவதற்கு முன் நீ ஒருமுறை முழுக்க வாசித்திருக்க வேண்டாமா. இரண்டு பட்டம் வாங்கி என்ன பிரயோஜனம்.

அப்புறம் கேட்டாள், "உறவே இல்லன்னு எல்லார்கிட்டயும் சொல்றது நீங்கதான அண்ணி. இல்லன்னே எழுதிடட்டுமா?" குத்திக்காட்டினாளா, நிஜமாகவே கேட்டாளா, முகத்தைப் பார்த்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை, அந்தத் தொழிலில் முகத்தை அப்படி வைத்துக்கொள்ளப் பழகியிருப்பார்கள். நான் தலையை ஆட்டினால் போதும், உன் வேலை முடிந்தது. பொய் வெளியே வந்தால் அவள் லைசென்ஸும் போகும் உன்னுடையதும் போகும் என்ற பயம் ஒரு பக்கம். அது மட்டுமில்லை, நான் வாயால் சொன்னது வேறு, அதையே அவள் உட்கார்ந்து மையால் எழுதிக் கையெழுத்துப் போடுவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. "உண்டுன்னு எழுது. உன் அண்ணன் பொண்ணுதான அவ" என்றேன். எழுதினாள். எழுதிவிட்டு மூக்கை உறிஞ்சிக்கொண்டு எனக்குத் தண்ணீர் எடுத்துவரப் போனாள்.

மணி நேரம் செல்லாவிட்டாலும் படிவம் போனால் படிப்பையாவது ஏற்றுக்கொள்வார்கள் என்றாள், நேற்று ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டேன். இந்த வருஷம் உனக்குப் பரீட்சை இல்லை. ஆயிரத்து இருநூறு மணியையும் அங்கே யாராவது முன்பின் தெரியாதவருக்குக் கீழே முதலிலிருந்து உட்கார்ந்து முடி. உனக்கு வயிற்றெரிச்சலாகத்தான் இருக்கும், திட்ட வேண்டுமென்றால் என்னைத் திட்டு, எழுதச் சொன்னது நான். அவளை மன்னித்துவிட்டேன் என்று நீயும் அப்பாவும் குதிக்க வேண்டாம், வராந்தாவில் சொன்னது சொன்னதுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள், வேளைக்குச் சாப்பிடு, பேத்தியை அதட்டாதே. மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் இருக்க வேண்டும். உன் வருஷம் வீணானது தன்னால்தான் என்று அத்தை மருகிக்கொண்டிருக்கிறாள். அவளுக்குப் போன் செய். இனிமேல் என்னிடம் மறைக்காமல் செய்.

உன் அம்மா