தெல்தோட்டைப் புள்ளடிகள்

இன்று காலை கேற்றுக்கு அடியில் ஒரு மாதிரி வாக்குச்சீட்டைச் செருகிவிட்டுப் போயிருக்கிறார்கள். மேலே கட்சிகளின் சின்னங்கள், கீழே வேட்பாளர்களின் இலக்கங்கள். அச்சு மை இன்னும் மணக்கிறது. எழுத்துப் பிழைகள் மூன்று. சிவப்புப் பேனையால் திருத்தினேன். அதன் பிறகு எதுவும் செய்யத் தோன்றவில்லை. உனக்கு எழுத உட்கார்ந்தேன்.

நீ மாகாண சபைக்குத் தேர்தல் கேட்ட வருடம். தெல்தோட்டையில் தேயிலைத் தொழிலாளர் லயத்தில் பிறந்து, கண்டி கான்வென்டில் என் பக்கத்தில் இருந்து படித்து, பாடசாலை அதிபராக ஓய்வு பெற்றவள் நீ. அந்த லயங்களிலிருந்து அதுவரை எந்தப் பெண்ணும் கேட்டதில்லை. "இந்தத் தடவ இல்லன்னா இனி இல்லடி" என்றாய். உன் இலக்கம் பதினொன்று. ஆட்களுக்கு வாக்களிக்கப் பழக்கும் வேலையை என்னிடம் தந்தாய். என் கணவர் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. வீட்டில் இருக்கப் பிடிக்காமல் ஒப்புக்கொண்டேன்.

மட்டையில் பெரிய கட்டங்கள் வரைந்து எடுத்துப்போனேன். புள்ளடியின் இரண்டு குறுக்குக் கோடுகளும் கட்டத்தின் மூலைக்கு மூலை போக வேண்டும், கோட்டைத் தொடக் கூடாது. தொட்டவர்களை மறுபடியும் போட வைத்தேன்.

"ஏழு புள்ள பெத்ததுகூட இவ்வளவு கஷ்டமில்லம்மா" என்றாள் கொழுந்து பறிக்கும் செல்லம்மா.

"பேசாம போடு" என்றேன்.

நீ வாயைப் பொத்திச் சிரித்தாய். "நம்ம கான்வென்ட் மதர் மாதிரி நிக்காதடி, பயப்படுறாங்க."

வாக்கு எண்ணும் இடத்தில் நான்தான் உன் முகவர். நிராகரித்த சீட்டுகளை அலுவலர் ஒவ்வொன்றாகக் காட்டினார். பதினொன்றில் புள்ளடி, மூலைக்கு மூலை, கோட்டைத் தொடாமல். மேலே சின்னங்களின் பக்கம் வெறுமை. கட்சிக்குப் புள்ளடி போடாவிட்டால் இலக்கத்துக்குப் போட்டதும் செல்லாது. என் மட்டையில் இலக்கங்களை மட்டுமே வரைந்திருந்தேன். சின்னம்தான் எல்லாருக்கும் தெரியுமே என்று விட்டுவிட்டேன்.

அந்தச் சீட்டுகள் சேர்ந்திருந்தால் நீ வென்றிருப்பாய்.

"எப்படிடி இவ்வளவும் செல்லாம போச்சு?" என்று கேட்டாய்.

"எவ்வளவு சொல்லியும் ஒங்க ஆளுங்களுக்கு வெளங்கலயே" என்றேன். யோசித்துச் சொன்னதல்ல. ஆனால் திருப்பி எடுக்கவும் இல்லை.

அடுத்த தேர்தலுக்குக் கட்சிக்காரர் உன் வீட்டுக்கு வந்தபோது நானும் இருந்தேன். "எங்க ஆளுங்களுக்கே வெளங்கல. நான் நின்னு என்ன செய்ய?" என்று அனுப்பிவிட்டாய். நான் தேநீரில் சீனியைக் கலக்கிக்கொண்டிருந்தேன். சொல்வதற்கு அதன் பிறகும் பல வருடங்கள் இருந்தன. தவறியது உன் சனம்தான் என்று நம்பிக்கொண்டே நீ போய்விட்டாய்.

உன் மரண வீட்டுக்குச் செல்லம்மா வந்தாள். நரைத்துப்போயிருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எங்களாலதாம்மா டீச்சர் தோத்தாங்க. நீங்க அவ்வளவு சொல்லிக்குடுத்தும் நாங்க மோட்டுத்தனமா பண்ணிட்டோம்."

நான் சொன்னதைத் துளியும் பிசகாமல் செய்தவள் அவள். அதைச் சொல்ல வாய் திறந்தேன்.

"பரவாயில்ல, அழாத" என்று வந்தது.

அன்றும் எனக்கு அழுகை வரவில்லை, இன்றும் வரவில்லை. என்னிடம் இருப்பது அந்தப் 'பரவாயில்ல' ஒன்றுதான். செய்யாத பிழைக்கு அவளை மன்னித்து, பஸ்ஸுக்கு அனுப்பிவைத்தேன்.