எக்ஸ்ரே அறையில் உனக்குப் பதிலாக நின்றேன்

என் ரெஜினாவுக்கு, கோபிக்காமல் கடைசி வரைக்கும் வாசி.

கல்லூரிச் சஞ்சிகைக்கு உன்னைப் பற்றி நாலு வரி எழுதித் தரும்படி எங்கள் கல்லூரித் தலைவி மதர் கேட்டார். எழுதிக் கொடுத்தேன். நெட்போல் அணியின் தூண், புன்னகை மாறாத முகம், நோயை வீரத்துடன் தாங்கினாள் என்றெல்லாம் அளந்து வைத்தேன். வாசித்திருந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாய். புன்னகை மாறாத முகமா உனக்கு? நடுவர் ஒரு விசில் பிழையாக ஊதினால் ஒரு கிழமைக்கு முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தவள் நீ. அந்தத் தாளை இன்றைக்குத் திருப்பி வாங்கிவிட்டேன். அதற்குப் பதிலாக இதைக் கொடுக்கப் போகிறேன். போடுவதும் விடுவதும் மதரின் பாடு.

முதலில் ஊர்ப் புதினம். யுத்தம் முடிந்து இரண்டு வருஷமாகியும் அரிசிக் கூப்பன் முடியவில்லை. கொட்டாஞ்சேனையில் எங்கள் ஒழுங்கை முழுக்க, வெள்ளைக்காரன் எப்போது போவான் என்பதுதான் பேச்சு. எனக்குத் தாதிமார் பயிற்சிக்கு இடம் கிடைத்திருக்கிறது. அது வரைக்கும் பின்னேரங்களில் கல்லூரிக்குப் போய்ச் சின்னப் பிள்ளைகளுக்கு நெட்போல் பழக்குகிறேன். உன் ஷூட்டர் இடத்தில் இப்போது உன் தங்கச்சி பிலோமி நிற்கிறாள். உன்னைவிடக் குள்ளம், உன்னைவிட நல்ல குறி. சொன்னால் சொன்னதுதான், கோபிக்காதே.

அந்த வெள்ளிக்கிழமைகள் ஞாபகம் இருக்கிறதா? படிப்பு முடித்த பிள்ளைகள் வீட்டில் குந்தியிருக்கக் கூடாது, உலகத்தில் என்னென்ன உத்தியோகம் இருக்கிறது என்று கண்ணால் பார்க்க வேண்டும் என்று மதர் எங்களை வரிசையாக நடத்திக்கொண்டு போனாரே. கோட்டையில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சைப் பார்த்த அன்றைக்கு, நீ வீடு வரைக்கும் மூக்கால் இங்கிலீஷ் கதைத்தபடி வந்தாய். ட்ராம் கொண்டக்டரிடமே "நம்பர் ப்ளீஸ்" என்று கேட்டாய். அந்த உத்தியோகம்தான் வேண்டும் என்று அன்றைக்கே முடிவு கட்டிவிட்டாய்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி. அதற்கு இரண்டு நாள் முன்புதான், பயிற்சி முடிந்து குழாயடியில் முகம் கழுவும்போது, உன் கைக்குட்டையில் நான் இரத்தத்தைக் கண்டேன். "பல்லு ஈறு" என்றாய். நான் உன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "மேட்ச் முடியட்டும் திரேசா. அம்மாட்ட நானே சொல்லுறன்" என்றாய். இறுதி ஆட்டத்துக்கு இன்னும் பதினொரு நாள் இருந்தது. நான் அணித் தலைவி. "ஓம்" என்றேன். அந்த ஒரு சொல்லை இன்றைக்கு வரைக்கும் விழுங்க முடியாமல் இருக்கிறேன்.

எக்ஸ்ரே அறையில் அந்த டொக்டர் நல்ல உற்சாகமான மனிதர். நெஞ்சுப் படம் எப்படி எடுப்பது என்று காட்டுகிறேன், யாராவது ஒருவர் முன்னால் வாருங்கள் என்றார். ஒருவரும் அசையவில்லை. கடைசி வரிசையில் எல்லாருக்கும் மேலே தெரிந்த உன்னைப் பார்த்து, "அந்த உயரமான பிள்ளை வரட்டும்" என்றார். என் கைக்குள் இருந்த உன் கை சில்லிட்டுப் போனது. நான் யோசிக்கவே இல்லை. "நான் வாறன் டொக்டர்" என்று முன்னால் பாய்ந்தேன். மதர் கூட என் துணிச்சலைப் பார்த்துச் சிரித்தார்.

குளிர்ந்த தகட்டில் நெஞ்சை ஒட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நாங்கள் வார்டுகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தபோது படம் தயாராகியிருந்தது. ஈரம் சொட்டச் சொட்ட அதை வெளிச்சத்தில் மாட்டி, ஒரு குறையும் இல்லாத நெஞ்சு என்று டொக்டர் சொன்னார். பிள்ளைகள் கை தட்டினார்கள். நீயும் தட்டினாய். திரும்பி வரும் வழியில் என் காதுக்குள், "உனக்கு மெழுகுதிரி கொளுத்துறனடி" என்றாய். உன்னைக் காப்பாற்றிவிட்ட பெருமையில் நான் நடந்து வந்தேன், ரெஜினா. உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

வெள்ளவத்தைப் பிள்ளைகளை இரண்டு கோலால் வென்றோம். கடைசிக் கோலை நீ போட்டாய். வளையத்தைச் சுற்றி இரண்டு தரம் உருண்டு பந்து உள்ளே விழுந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. என்னைப் பற்றி எனக்கே பயம் வருவது அந்த நேரத்தில்தான்.

மேட்ச் முடிந்தது. நீ சொல்லவில்லை. கல்லூரிச் சோதனை முடியட்டும் என்றாய். சோதனை முடிந்ததும் கோயில் பெருநாள் முடியட்டும் என்றாய். ஒவ்வொரு தரமும் நான் தலையாட்டினேன். கடைசியில் நீயாகச் சொல்லவில்லை, வகுப்பில் விழுந்தாய். ஆஸ்பத்திரியில் இருந்து நீ வீட்டுக்குத் திரும்பவே இல்லை. ஆறு மாதம் முந்தி வந்திருந்தால் ஏதாவது செய்து பார்த்திருக்கலாம் என்று அதே டொக்டர் உன் அம்மாவிடம் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன். அவருக்கு என்னை அடையாளம் தெரியவில்லை.

இனிச் சொல்லப் போவது உனக்குத் தெரியாது. நீ போன நாளில் இருந்து உன் அம்மா, என் மாமி, விடியற்காலைப் பூசைக்குப் போவதை நிறுத்திவிட்டார். "தவக்காலம் முழுக்கப் பிள்ளையை எழுப்பி, பனிக்குள்ள கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போனனான். நான்தான் அவளுக்கு நெஞ்சு வருத்தத்தைக் குடுத்தது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுவார். "நீ மட்டுந்தான் அவளுக்கு நல்லது செஞ்சனி" என்பார். போகும் நேரமெல்லாம் எனக்குச் சுடச்சுடத் தேத்தண்ணி ஊற்றித் தருவார். ஒரு வருஷமாக அதைக் குடித்துவிட்டுப் பேசாமல் எழும்பி வந்தேன். இப்படி ஒரு கல்நெஞ்சுக்காரி உனக்குச் சிநேகிதியாக இருந்தாள் என்று உனக்குத் தெரியுமா?

போன வியாழக்கிழமை பயிற்சியில் பிலோமி பாதியில் நின்று இருமினாள். நீண்ட இருமல். நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன், சுட்டது. பின்னேரமானால் இப்படித்தான் காய்கிறது, இரண்டு கிழமையாக இருக்கிறது என்றாள். என் முகம் மாறியதைப் பார்த்திருப்பாள். "அம்மாட்டச் சொல்லாதீங்கக்கா. அடுத்த சனிக்கிழமை மேட்ச் முடியட்டும்" என்றாள்.

அதே சொல். உன்னிடம் பழகியதா, இந்தக் குடும்பத்தின் பிடிவாதமா, எனக்குத் தெரியவில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உங்கள் வீட்டுக்குப் போனேன். மாமி தையல் மெசினில் இருந்தார். பிலோமியின் காய்ச்சலைச் சொன்னேன். அதை மட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கலாம். ஆனால், "அது பனிக் காய்ச்சல், கொத்தமல்லி அவிச்சுக் குடுக்கிறன்" என்று மாமி சொன்னதும் என்னால் முடியவில்லை. கைக்குட்டை, எக்ஸ்ரே அறை, பதினொரு நாள், எல்லாவற்றையும் நின்ற நிலையில் கொட்டினேன். "மாமி, பனியால இல்ல. எனக்குத் தெரியும். நான்தான் மறைச்சனான்" என்றேன்.

அடிப்பார் என்று நினைத்தேன். மாமி மெசின் சில்லைக் கையால் பிடித்து நிறுத்தினார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "அவளுக்கும் தெரியுமா?"

"ஓம் மாமி."

"அதுதானா தன்ர கோப்பையைப் புறம்பா வச்சவ? அதுதானா பிலோமியோட படுக்காம விறாந்தையில போய்ப் படுத்தவ? நான் அவளைப் பெருமை பிடிச்சவள் எண்டு ஏசினனான் பிள்ள." பிறகு, "பெத்த தாயிட்டச் சொல்லப் பயந்தாளா?" என்று கேட்டார்.

இவ்வளவு நாளும் என் பிழையைத்தான் மூடி வைத்திருக்கிறேன் என்று நினைத்தேன். உன்னுடையதும் அதற்குள் இருந்திருக்கிறது. அதை நேற்று உன் அம்மாவின் முன்னால் திறந்து காட்டிவிட்டேன். நீ பயந்தாயா, ரெஜினா? அல்லது டெலிபோன் உத்தியோகம் கைவிட்டுப் போய்விடும் என்று நினைத்தாயா? சயரோக வீடு என்று ஒழுங்கையே பேசும், பிலோமிக்கு நாளைக்கு மாப்பிள்ளை வராது என்று யோசித்தாயா? எனக்காவது சொல்லியிருக்கலாம். நானும் கேட்கவில்லை.

நான் படி இறங்கும்போது மாமி கூப்பிட்டார். "நாளைக்குப் பிலோமியை அந்த எக்ஸ்ரே எடுக்கிற இடத்துக்கு நீதான் கூட்டிக்கொண்டு போகோணும். எனக்கு வார்டுக்கு மட்டுந்தான் வழி தெரியும். அதுக்குப் பிறகு இந்த வீட்டுக்கு வராத."

இன்றைக்குக் காலையில் ட்ராம் தரிப்பிடத்தில் இரண்டு பேரும் எனக்கு முன்னமே வந்து நின்றார்கள். மாமி பூசை முக்காட்டை மடித்துக் கையில் வைத்திருந்தார். விடியற்காலைப் பூசைக்குப் போய்விட்டு நேரே வந்திருக்கிறார். பிலோமி எங்கள் நடுவில் உட்கார்ந்து, அம்மாவிடம் நான் சொல்லிக் கொடுத்துவிட்ட கோபத்தில் என் பக்கம் திரும்பாமலே வந்தாள். அவளைப் படம் எடுக்க உள்ளே கூப்பிட்டபோது மாமியின் கை என் பக்கம் நீண்டது. பிறகு பக்கத்தில் நிற்பது நான் என்பது ஞாபகம் வந்து இழுத்துக்கொண்டார். பதிலை வியாழக்கிழமை நான் போய் வாங்க வேண்டும். வருகிற சனிக்கிழமை மேட்சில் பிலோமி இல்லை.

உனக்கு ஒரு சொல் தருகிறேன். வியாழக்கிழமை அந்தப் படத்தில் எது இருந்தாலும், ஒரு மணித்தியாலம் கூடப் பொறுக்காமல் மாமியிடம் போய்ச் சொல்வேன். கதவைத் திறக்காவிட்டால் ஒழுங்கையில் நின்று சொல்வேன். பிலோமி ஆயுசுக்கும் என்னுடன் கதைக்காமல் இருக்கட்டும். கிழவியாகி, பேரப்பிள்ளைகளைக் கூட்டி வைத்து, "இவள்தான் என்னை விளையாட விடாதவள்" என்று என்னைக் காட்டித் திட்டட்டும். நான் கேட்டுக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
பிலோமிக்கு இப்போது பிடிக்காத அவளுடைய மற்ற அக்கா,
திரேசா