ஐம்பது பக்கக் கணக்கு

அன்புள்ள வாலு,

உன் ஹாஸ்டலில் உனக்குப் போன் தர மாட்டார்கள், அதனால் கடிதம். நீ அனுப்பிய படிவம் வந்தது. பாஸானால் போதும் என்கிறவர்களுக்குக் கணக்கில் முழுப் புத்தகம் கிடையாதாம். ஐம்பது பக்கம் மட்டுமாம். அதற்கு நான் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டுமாம். ஓரத்தில் நீ வேறு, “எனக்கு அவ்ளோதான் வரும்க்கா” என்று எழுதியிருந்தாய்.

ரத்தம் கொதித்தது. கம்பெனியில் சாப்பாட்டு இடைவேளையில் உன் கணக்கு வாத்தியாருக்குப் போன் போட்டுக் கத்தினேன். “எங்க வீட்டுப் பொண்ணுன்னா இவ்ளோதான்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா சார்?”

“ஏம்மா, போன மாசம் நீதானே சொன்னே? எப்படியாவது தேத்தி விடுங்க, என்கூடவே வேலைக்குச் சேர்த்துக்கறேன்னு?”

சொன்னேன். உன்னிடம் மறைத்துவிட்டேன்.

எனக்கும் அந்த ஐம்பது பக்கம்தான் கொடுத்தார்கள். பாஸானேன். எட்டு வருஷமாக இந்தத் தையல் கம்பெனியில் சட்டைக் காலர் மட்டும் தைக்கிறேன். முழுச் சட்டை தைக்க இங்கே யாரும் கற்றுத்தரவில்லை, நானும் கேட்கவில்லை. அப்படியிருந்தும் பக்கத்து மெஷினில் உன்னை உட்கார வைக்கப் பார்த்தேன். என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

வாத்தியார் இன்னொன்றும் சொன்னார்: “மார்க் கம்மிதான். ஆனா ஏன், எதுக்குன்னு கேட்டே என் உயிரை வாங்குறா. அப்படிக் கேக்கறவ அந்த வகுப்புல அவ ஒருத்திதான்.”

படிவத்தைக் கையெழுத்தில்லாமல் திருப்பி அனுப்புகிறேன். திங்கட்கிழமை முழுப் புத்தகத்தை வாங்கிக்கொள். அவரிடம் பேசிவிட்டேன். புரியாததைக் கேள், அவர் உயிர் போனால் போகட்டும்.

பெயிலாவதென்றால் முழுப் புத்தகத்தில் பெயிலாகு. திட்ட மாட்டேன்.

உன் மேல் கோபமே இல்லாத,
அக்கா