மச்சினன் தோப்பு வழியே நடைபாதை

செவ்வாய்க்கிழமை, புரட்டாசி.

கண்மாய்க் கரையிலிருந்து மலையடிவாரம் வரைக்கும் ஊருக்கொரு நடைபாதை போட இன்று அளக்க வந்தார்கள். குழுவைச் சேர்த்ததே நான்தான். ராஜபாளையம் மில்காரர், ஸ்ரீவில்லிபுத்தூர் வனத்துறை ஆள், எல்லாரும் என் ஒரு போனுக்கு ஓடி வந்தவர்கள். நடுவில் என் மச்சினனின் மாந்தோப்பு. "அவன் எப்பவோ சரின்னுட்டான்" என்று போன மாதமே சொல்லிவிட்டேன். அவனிடம் கேட்கவில்லை. என் பேச்சைத் தட்டுவானா என்று இருந்துவிட்டேன்.

குச்சி அடிக்கையில் வந்து நின்றான். "வீடு தேடி வந்து ஒரு வார்த்த கேட்டிருந்தா அம்புட்டையும் குடுத்திருப்பேன் அத்தான். இப்ப குச்சியப் பிடுங்கச் சொல்லுங்க."

ஊரே பார்த்தது. சரி, ஒன்பது பேர். கோபம்கூட வரவில்லை. நானே பிடுங்கினேன்.

"தம்பி என்ன சொன்னான்?" என்றாள் வீட்டுக்காரி. பாதைக்கு என் பேரை வைக்கச் சொன்னான் என்றேன். சந்தோஷத்தில், காலையில் பணியாரம் சுட்டு அவன் வீட்டுக்குக் கொண்டுபோகிறாளாம். கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கிறது.