லைன் கிடைக்கும் என்று இருந்தேன்

அன்புள்ள சின்னுவுக்கு, அம்மா எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் நான் சுகம், முழங்கால் மட்டும் தன் இஷ்டத்துக்கு இருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கக் காலையும் மாலையும் வேண்டிக்கொள்கிறேன்.

எப்படியம்மா இருக்கிறாய் என்று போன வாரம் நான் கேட்டதற்கு ‘ஐ வில் கெட் த்ரூ’ என்று போனில் எழுதி அனுப்பினாயே, படித்ததும் எனக்கு ஒரே சந்தோஷம். அப்பா டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இருந்தபோது லைன் கிடைத்தால் கெட் த்ரூ ஆகிவிட்டது என்பார், கிடைக்காவிட்டால் ஆகவில்லை என்பார், அவர் வாயிலிருந்து பொறுக்கிய இங்கிலீஷ்தானே என்னுடையது, ஆகவே நீ கூப்பிடப் போகிறாய் என்றே எடுத்துக்கொண்டேன். சித்தி வீட்டுக்குப் போகவில்லை. விசில் சத்தத்தில் மணி கேட்காமல் போய்விடுமோ என்று குக்கர்கூட வைக்கவில்லை. அப்படியும் மணி அடிக்கக் காணோம் என்று போனை ரிப்பேர் கடைக்கு எடுத்துப் போனேன். கடைக்காரர் தன் போனிலிருந்து அடித்துப் பார்த்துவிட்டு, “மணி நல்லாத்தாம்மா அடிக்குது, கூப்பிடத்தான் ஆள் இல்ல போல” என்றார். விளையாட்டாகத்தான் சொன்னார், நானும் சிரித்துவிட்டுத்தான் வந்தேன்.

அப்புறம் மாடி வீட்டு நர்ஸிடம் நீ எழுதியதைக் காட்டினேன். “இது லைன் விஷயம் இல்லக்கா. ஏதோ கஷ்டம் வந்திருக்கு, அதத் தாண்டி வந்துடுவேன்னு உங்க பொண்ணு சொல்றா” என்றாள். இரண்டுக்கும் ஒரே வார்த்தைதானாம். அவள் டூட்டிக்குக் கிளம்பிப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. கஷ்டமா, என்ன கஷ்டம், வேலையிலா, உடம்பிலா, உங்கள் இருவருக்குள் மனஸ்தாபமா? வீட்டுக் கணக்கில் ஒரு வரி இடித்தாலே தூக்கம் வராதவள் நான், இதை எந்தப் பக்கம் எழுதுவேன்.

நம் வீட்டில் அந்தக் கெட் த்ரூவுக்கு ‘சமாளிச்சுக்குவேன்’ என்று பெயர். அப்பா போனதிலிருந்து நீ கேட்கும்போதெல்லாம் நானும் அதைத்தானே சொல்லி வருகிறேன், மேற்கொண்டு கேட்காதே என்றுதான் அதற்கு அர்த்தம். சரி, முதலில் நானே சொல்லிவிடுகிறேன். என்னால் சமாளிக்க முடியவில்லை சின்னு. சாயங்காலம் ரேடியோக்காரர் நேயர்களே வணக்கம் என்றால் நானும் வாய்விட்டு வணக்கம் சொல்கிறேன், அன்றைக்கு நான் பேசும் முதல் பேச்சு சில நாள் அதுதான். இதைச் சித்தியிடம்கூடச் சொன்னதில்லை. இனி உன் முறை. புத்தி சொல்ல மாட்டேன், குறுக்கே பேச மாட்டேன், நீ அழுதாலும் போனை வைக்க மாட்டேன்.

ஆண்டவன் உன் பக்கத்திலேயே இருப்பார், நீ நன்றாக இருப்பாய். நேரத்துக்குச் சாப்பிடு. பேச வரவில்லை என்றால் எழுது, தமிழிலேயே எழுது, தப்பாகப் புரிந்துகொண்டு சந்தோஷப்பட எனக்கு வழி வைக்காதே.

பிரியமுள்ள
அம்மா