அக்கா கடையின் மெயின் சுவிட்ச்

வியாழன், இரவு.

செல்வி அக்காவின் ஜெராக்ஸ் கடைப் பழைய கணினிக்கு, விண்டோஸை எடுத்துவிட்டுச் சின்ன லினக்ஸ் ஒன்று போட்டுக் கொடுத்திருந்தேன். என் வீட்டில் ஒழுங்காக ஓடும். கடையில் தினமும் காலையில் கறுப்புத் திரையோடு நின்றுவிடும். மூன்று முறை புதிதாக ஏற்றியும் பயனில்லை.

"ஏட்டி, பழைய விண்டோஸையே போட்டுத் தா. ஆள் காத்து நிக்காக," என்றாள் அக்கா.

இன்று மாலை பிழைச் செய்தியை நிதானமாக வாசித்தேன். ஹார்ட் டிஸ்க்கைக் கடைசியாகத் திறந்த தேதி இனிமேல்தான் வரவேண்டுமாம். அப்போதுதான் உறைத்தது. கடை அடைக்கும்போது அக்கா மெயினையே அணைத்துவிடுவாள். உள்ளிருக்கும் பொத்தான் பேட்டரி செத்துப்போனதால், கணினியின் கடிகாரம் பல வருஷம் பின்னே போய்விடுகிறது. நேற்றைய தேதியே அதற்கு வருங்காலமாகப்பட்டு, குழம்பி நின்றுவிடுகிறது.

புது பேட்டரி மாட்டி, தேதியைத் திருத்தி, மெயினை நானே அணைத்துப் போட்டேன். ஓடியது.

அக்கா திரையைப் பார்த்துவிட்டுச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தாள். "மணி தப்பா காட்டுதே."

திரையில் ஏழு பத்து. என் கைபேசியிலும் ஏழு பத்து. அவள் சுவர்க்கடிகாரத்துக்கும் பேட்டரி மாற்றச் சொல்லிவிட்டு வந்தேன்.